முன்னோர் அறிவாம்! எந்த முன்னோர்?

இப்போதெல்லாம் மேடைக்கு மேடை ஒரே பல்லவி கேட்கிறது. நம் முன்னோர் மகா அறிவாளிகளாம். இயற்கையோடு இசைந்து வாழ்ந்தவர்களாம். அந்த ஞானத்தை மறந்ததால்தான் நாடு வறண்டு போயிற்றாம். மந்திரிகள் சொல்கிறார்கள். கம்பெனி முதலாளிகள் விளம்பரத்தில் சொல்கிறார்கள். பட்டணத்தில் குளுகுளு மண்டபத்தில் 'பாரம்பரிய விதைக் கண்காட்சி' நடத்தும் கனவான்களும் சொல்கிறார்கள்.

நாம் ஒரே ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம். எந்த முன்னோர்? யாருடைய பாட்டன்?

காரியாபட்டிச் சீமைக்கு வந்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் இடையே விரிந்து கிடக்கும் இந்த வறண்ட பூமியில் ஜீவநதி கிடையாது. குண்டாறு என்று ஒன்று உண்டு. மேற்கே வருசநாட்டு மலைப்பக்கம் தோன்றித் திருமங்கலம், காரியாபட்டி, திருச்சுழி, கமுதி என்று இறங்கிப் போகிற ஆறு. வருஷத்தில் பெரும்பகுதி அதில் மணல்தான் ஓடும். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பாதி ஐப்பசி கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். அந்தச் சில நாள் தண்ணீரைப் பிடித்து வைத்தால் சோறு, தப்பவிட்டால் பஞ்சம்.

பிடித்து வைப்பதற்காகவே கண்மாய்கள் பிறந்தன. தமிழ்நாட்டில் 39,000க்கும் அதிகமான ஏரி, கண்மாய்கள் உண்டென்பது சர்க்கார் கணக்கு. பழைய இராமநாதபுரம் ஜில்லா முழுவதும் கண்மாய் ஜில்லாதான். மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. அது நிறைந்தால் அதற்கடுத்தது. ஒன்றின் கழுத்தை நெரித்தால் கீழே பத்து ஊர் மூச்சுத் திணறும்.

இதைக் கட்டியவன் பெயரைக் கல்வெட்டில் தேடினால் ராஜாவின் பெயர் இருக்கும். சேதுபதியின் பெயர் இருக்கும். தர்மகர்த்தாவின் பெயர் இருக்கும். கட்டியதைக் காப்பாற்றியவன் யார்? அவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவனை ஊர் 'நீர்க்கட்டி' என்றது. சில ஊர்களில் 'நீர்ப்பாய்ச்சி' என்றது. சில இடங்களில் 'மடைக்குடும்பன்' என்றது. அவனுடைய அறிவைப் பற்றித்தான் இன்று மேடையில் பேசுகிறார்கள், அவனை மட்டும் விட்டுவிட்டு!

அவன் என்ன அறிந்திருந்தான்?

மழைக்கு முன்பே வரத்துக்கால் நெடுகிலும் அவன் நடந்து பார்ப்பான். எங்கே தூர்ந்திருக்கிறது, எங்கே எவன் வரப்பைத் தள்ளிப்போட்டுக் காலை ஒடுக்கியிருக்கிறான் என்று ஊர்க்கூட்டத்தில் வந்து சொல்லுவான். மழை இறங்கிவிட்டால் அவனுக்கு வீடு கிடையாது, கரைதான் வீடு. நண்டு வளையும் எலி வளையும் எங்கேயென்று இருட்டில் கால் விரலால் தடவிக் கண்டுபிடிப்பான். கரையின் வெளிப்புறத்தில் தண்ணீர் கசிகிறதா? தெளிந்த தண்ணீராய்க் கசிந்தால் அவன் பதற மாட்டான். கலங்கிக் கசிந்தால் அந்த நிமிஷமே ஊரை எழுப்பிவிடுவான். காரணம், கலங்கல் என்றால் உள்ளே மண் அரித்துக்கொண்டு போகிறது. விடிவதற்குள் கரை இருக்காது. இன்ஜினீயரிங் காலேஜில் கட்டணம் கட்டிப் படிக்கிற பாடம் இதுதான். அவன் அப்பனோடு கரையில் படுத்துக்கிடந்து படித்தான்.

பழைய மடைகளில் குமிழியின் அடைப்பை எடுக்க மூச்சடக்கி மூழ்க வேண்டும். நிறைகண்மாயில், குளிர்ந்த கார்த்திகையில், இருட்டுத் தண்ணீருக்குள் இறங்கிக் கையால் துழாவி அடைப்பை எடுத்தவன் அவனே. திறப்பதாவது பெரிதல்ல, எப்போது மூடுவது என்பதில்தான் வித்தை இருக்கிறது. கண்மாயில் இத்தனை முழம் தண்ணீர் நிற்கிறது, பயிர் இன்ன பருவத்தில் நிற்கிறது, இனி மழை வந்தாலும் வரும் வராமலும் போகும். இந்த நிலையில் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை? தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறை வைத்து விடுவான். கடைமடைக்காரனின் பயிர் சுருண்டால் தலைமடைக்காரனின் வாய்க்காலை அடைப்பான். அந்தத் தலைமடைக்காரன் அம்பலகாரனாக இருக்கலாம், பண்ணையாராக இருக்கலாம். மிச்சத் தண்ணீரைக் கால்நடைக்கென்று உள்வாய்ப் பள்ளத்தில் விட்டுவைப்பான்.

நீர்க்கட்டிக்கு ஊர் எதைக் கொடுத்தது? களத்து மேட்டில், அறுவடை முடிந்ததும், ஒரு பங்கு தானியம். அந்தப் பங்குக்குக் கிராமத்தில் வழங்கிய பெயர் 'சுதந்திரம்'. ஆமாம், சுதந்திரம்தான்! வண்ணானுக்கும் நாவிதனுக்கும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் கிடைத்ததும் அதுவே. 1947ல் டெல்லியில் கொடியேறிய சுதந்திரம் வேறு. களத்து மேட்டில் மரக்காலில் அளந்த சுதந்திரம் வேறு. முன்னதைப் பற்றி வருஷா வருஷம் பேசுகிறார்கள். பின்னது எப்போது நின்று போயிற்று என்று எவரும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள், நிலமில்லாதவர்கள். நிலமில்லாதவன் கையில் மடை இருந்தால் ஓரவஞ்சனை நடக்காது என்று ஊர் அதற்கு ஒரு நியாயம் சொல்லிற்று. கேட்க அழகாய்த்தான் இருக்கிறது. ஆனால், ஊருக்கெல்லாம் நீர் பங்கிட்டவன் ஊருணிப் படித்துறையில் இறங்க முடியாது. குடத்தை வைத்துக்கொண்டு யாராவது ஊற்றமாட்டார்களா என்று அவன் மனைவி தள்ளி நிற்க வேண்டும். பழைய ஏற்பாட்டைப் பொற்காலம் என்று வர்ணிக்கிற பேர்வழிகள் இந்த இடத்தில் மட்டும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். நாம் புரட்டமாட்டோம். அந்த அறிவு உயர்ந்தது. அந்த ஏற்பாடு கொடியது. இரண்டும் ஒரே கரையில்தான் நின்றன.

சரி, கண்மாய்கள் கெட்டதற்கு 'ஜனங்கள் சோம்பேறியாகிவிட்டார்கள்' என்பது ஆபீசர்களின் விளக்கம். இது பச்சைப் பொய்.

கம்பெனி ஆட்சி என்ன செய்தது? வருமானத்தின் மேல் கையை வைத்தது. கண்மாய்ப் பராமரிப்புக்கென்று ஊரில் ஒதுங்கி வந்த மானியங்களும் பங்குகளும் கஜானா கணக்கில் கரைந்தன. பணத்தை எடுத்துக்கொண்ட பிறகு, வேலையை மட்டும் ஜனங்கள் பழைய வழக்கப்படி சும்மா செய்ய வேண்டும் என்றது. செய்யவில்லை என்றதும் 1858ல் ஒரு சட்டமே போட்டது. அந்த வருஷத்துச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தின்படி, குடிமராமத்துக்கு வராதவனைத் தண்டிக்கலாம். தானாக ஊர் கூடிச் செய்த வேலை, போலீஸ் மிரட்டலில் செய்யும் வெட்டி வேலையாயிற்று. இதற்குப் பிறகு 20 வருஷங்களுக்குள் 1876-78 தாதுவருஷப் பஞ்சம் வந்து தென்னாட்டில் லட்சக்கணக்கில் மக்களைத் தின்றது.

ஜமீன்தார்கள் மட்டும் சளைத்தவர்களா? இந்தப் பக்கம் பெரும்பகுதி ஜமீன் பூமி. விளைச்சலில் பங்கு வாங்கிய காலத்திலாவது கண்மாய் நிறைந்தால் தனக்கும் நெல் என்ற ஆசை ஜமீனுக்கு இருந்தது. ரொக்கக் குத்தகை வந்ததும் அந்த ஆசையும் செத்தது. 1948ல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது, ஜமீன் போயிற்று. கண்மாய்கள் சர்க்காருக்கு வந்தன. சர்க்கார் அவற்றைக் கத்தரிக்காய் மாதிரி அறுத்தது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு என்றால் பொதுப்பணி இலாகா. அதற்குக் குறைந்தால் பஞ்சாயத்து யூனியன். கரை ஒரு இலாகா, உள்வாய்ப் புறம்போக்கு ரெவின்யூ இலாகா, உள்ளே நிற்கிற மரம் சில இடங்களில் காட்டிலாகா, மீன்பாசி ஏலம் வேறொரு கணக்கு. மேல் கண்மாயும் கீழ்க் கண்மாயும் ஒரே தண்ணீரைக் குடித்தாலும் இரண்டு எஜமானர்கள்! நீர்க்கட்டிக்கு எந்த எஜமானனும் இல்லை. எந்தச் சம்பளப் பட்டியலிலும் அவன் இல்லை.

இதோடு போகவில்லை. பம்புசெட் வந்தது, ஆழ்துளைக் கிணறு வந்தது. அது தேவைதான், விவசாயிக்கு மின்சாரம் கிடைப்பதை நாம் எதிர்க்கிறவர்களல்ல. ஆனால் ஆயிரம் அடி துளைபோடப் பணம் உள்ளவனுக்குக் கண்மாய் வேண்டியதில்லாமல் போயிற்று. ஊர்க்கூட்டத்தில் குரல் உள்ளவன் அவன்தான். அவன் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினான், கூட்டம் நின்றது. கண்மாய் யாருக்கு வேண்டும்? அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவனுக்கு, ஆடு மாடு வைத்திருப்பவனுக்கு, மீன் பிடிப்பவனுக்கு. இவர்களுக்குக் குரல் இல்லை. இதைத்தான் 'சமுதாய உணர்வு குறைந்துவிட்டது' என்று படித்தவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள்!

2017ல் தமிழ்நாட்டு சர்க்கார் குடிமராமத்து என்ற பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்தது. முதல் தவணையில் 1,519 வேலைகள், 100 கோடி ரூபாய். ஆயக்கட்டுதாரர் சங்கமே வேலை செய்யும், 10 சதவீதம் சங்கம் போடும் என்றார்கள். திட்டம் காகிதத்தில் பழுதில்லை. தூர் எடுக்க வேண்டாமென்று எந்தப் பைத்தியக்காரன் சொல்வான்? ஆனால் பல ஊர்களில் சங்கம் என்பது ரப்பர் ஸ்டாம்பாக இருந்தது, பின்னால் கான்ட்ராக்டர் நின்றார் என்று புகார்கள் எழுந்தன.

கான்ட்ராக்டரும் ஜே.சி.பி.யும் தூர் எடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். வாடகை மணிக் கணக்கு. ஆகவே தூரம் போகக்கூடாது. கரைக்கு அடியிலேயே தோண்டிக் கரை மேலேயே கொட்டினால் சீக்கிரம் முடியும். கரையும் உயர்ந்தது, போட்டோவுக்கும் அழகு. நீர்க்கட்டியைக் கேட்டிருந்தால் கையைப் பிடித்துத் தடுத்திருப்பான். கரையின் அடிவயிற்றில் பள்ளம் போட்டால் கரை நிற்காது. மடையின் மட்டத்துக்குக் கீழே வெட்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. அடியிலே களிமண் படிந்திருக்கிறது. அதையும் கிழித்துவிட்டால் நிறைந்த கண்மாய் பத்தே நாளில் உறிஞ்சிப் போகும். எங்கே வண்டல், எங்கே களி, எங்கே மணல் என்பதை அவன் பாதம் அறியும். அந்தப் பாதத்துக்கு எஸ்டிமேட்டில் இடமில்லை.

கண்மாய் வண்டலை முன்பு மாட்டு வண்டியில் அள்ளி வந்து புஞ்சையில் கரம்பையாக அடித்தார்கள். கண்மாயும் ஆழமாயிற்று, நிலமும் உரம் பெற்றது, காசு செலவில்லை. அதே வண்டல் இப்போது லைசென்ஸ் சமாசாரம். சவுடு என்று எழுதி வாங்கி மணலை அள்ளியவர்களின் கதை மதுரை ஹைகோர்ட்டு வரை போய் நாறியது. ஏழை விவசாயி ஒரு வண்டி கரம்பைக்குத் தாலுகா ஆபீசில் மனுவோடு நிற்பதும், டிப்பர் லாரிகள் ராத்திரியில் பறப்பதும் ஒரே நாட்டில்தான்.

சீமைக் கருவேல் கதை தெரியாதவர் இந்தப் பக்கம் இருக்க முடியாது. இந்த மரத்தை இங்கே கேட்டது யார்? குடியானவன் கேட்கவில்லை. 1876ல் சென்னை மாகாணத்துக் காட்டிலாகா அதிகாரி பெட்டோம் என்ற வெள்ளைக்காரர் விதை வேண்டுமென்று எழுதினார். அடுத்த இரண்டொரு வருஷத்தில் கடப்பைப் பக்கம் விதைத்தார்கள். பின்னாளில் விறகுப் பஞ்சத்துக்கு மருந்தென்று வறண்ட ஜில்லாக்களில் பரவவிட்டார்கள். ஆடும் மாடும் இனித்த காயைத் தின்று சாணத்தோடு கண்மாய்க்குள் விதைத்தன. வெட்ட வெட்டத் தழைக்கும் மரம் உள்வாயை அடைத்தது, வரத்துக்காலை அடைத்தது, கரையில் வேரோடியது.

2017ல் ஹைகோர்ட்டு மதுரைக் கிளை இதை வேரறுக்க உத்தரவிட்டு வேகமாக விரட்டியது. சில மாதத்தில் அதே ஹைகோர்ட்டு அதை நிறுத்தி ஆராயச் சொன்னது. பிறகு மீண்டும் அனுமதித்தது. ஒரு நாள் மரம் எமன், மறுநாள் அப்படியல்ல. காற்றின் ஈரத்தையே அது உறிஞ்சுகிறது என்று ஒரு புரளி வேறு; அதற்கு விஞ்ஞான ஆதாரம் கிடையாது. இந்தக் கூச்சலில் ஒருவன் மட்டும் வாய் திறக்க வாய்ப்பில்லை. அவன்தான் கரிமூட்டத் தொழிலாளி.

மழை பொய்த்த வருஷங்களில் இந்தச் சீமைக்குக் கஞ்சி ஊற்றியது அந்த மரத்தின் கரிதான் என்பதை மறைத்து என்ன பயன்? விறகை அடுக்கி, தழையும் மண்ணும் மூடி, நாட்கணக்கில் மூட்டத்தைக் காத்துக் கிடப்பான். வெள்ளையாய்த் திரண்டு வரும் புகை மெலிந்து நீலம் பாரித்தால் வெந்தது என்று துளையை அடைப்பான். அரை நாள் அசந்தால் எல்லாம் சாம்பல். அந்நிய மரத்தைக்கூட இந்த மக்கள் ஒரு தலைமுறையில் படித்து முடித்துவிட்டார்கள். கண்மாய்க்குள்ளும் வரத்துக்காலிலும் அது ஒரு கன்றும் நிற்கக்கூடாது, கரையில் நிற்பதை வேரோடு பிடுங்கினால் கரையும் கூட வரும், பட்டாப் புஞ்சையில் நிற்பதை எரிக்க இன்னும் எத்தனை குடும்பம் நம்பியிருக்கிறது, வெட்டிய இடத்தில் நாட்டுக் கருவேலும் பனையும் வைக்காவிட்டால் மறு வருஷம் அதுவே முளைக்கும் என்பதெல்லாம் அவனிடம் கேட்டால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். கேட்கத்தான் ஆளில்லை.

கண்மாய்க்குத் தண்ணீர் மலையிலிருந்து வருகிறது. மலையில் யார் இருக்கிறார்கள்? நமது ஜில்லாவின் மேற்கு எல்லையில், ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புப் பக்கத்தில், பளியர் என்னும் ஆதிவாசி மக்கள் வாழ்கிறார்கள். தேனடை எந்தப் பாறையில், எந்த மாதத்தில். எந்தக் கிழங்கை எவ்வளவு விட்டுவைத்துத் தோண்டினால் அடுத்த வருஷம் தழைக்கும் என்பது அவர்களுடைய படிப்பு. 1988ல் அங்கே சாம்பல் நிற அணில் சரணாலயம் வந்தது. 2021ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாயிற்று. அணில் பிழைக்கட்டும், புலி பிழைக்கட்டும். நாம் அவற்றுக்கு விரோதிகளல்ல. ஆனால் இந்தக் காட்டை இத்தனை காலம் அணிலோடும் புலியோடும் சேர்த்து வைத்திருந்தவனையே அத்துமீறியவன் என்று பார்ப்பது எந்த நியாயம்?

2006ல் வன உரிமைச் சட்டம் வந்தது. பல பத்தாண்டுப் போராட்டத்தின் பலன். தமிழ்நாட்டில் ஹைகோர்ட்டு உத்தரவு ஒன்றால் பட்டா கொடுப்பது 2008லிருந்து 2016 வரை முடங்கிக் கிடந்தது. எட்டு வருஷம்! 2022 மார்ச்சில் காட்டில் மாடு மேய்க்கவே தடை என்று ஒரு தீர்ப்பு வந்தது. பிறகு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கினார்கள். மதுரை, சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்துப் புலிக்குளம் கிடை மாட்டுக்காரனுக்கு அதுவும் இடிதான். மேய்ச்சல் உரிமை அந்த 2006 சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அறுப்பு முடிந்த புஞ்சையில் அந்த மாடும், கீதாரியின் ஆடும் ராத்திரிக் கிடை போட்டால்தான் உர மூட்டை வாங்கக் காசில்லாதவன் நிலத்துக்கு உரம். மலையில் தடை போட்டால் புஞ்சையில் விளைச்சல் குறைகிறது. இந்தக் கணக்கு கோர்ட்டுக் கட்டில் ஏறவில்லை.

இத்தனை இழிவாக நடத்தப்படும் இந்த அறிவுக்குச் சந்தையில் மட்டும் கிராக்கி குறையவில்லை. நம் வீட்டு வாசல் வேப்ப மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேப்பெண்ணெயைப் பயிரில் தெளித்தால் பூச்சி பூஞ்சைக்கு ஆகாது என்பது இங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். அமெரிக்காவின் டபிள்யூ.ஆர். கிரேஸ் கம்பெனியும் அமெரிக்க விவசாய இலாகாவும் சேர்ந்து 1994ல் ஐரோப்பாவில் அதற்குப் பேடன்ட் வாங்கின! 2000ல் ரத்தாயிற்று, அப்பீலும் 2005ல் தள்ளுபடி. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995ல் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் பேடன்ட் வாங்கியது. நமது விஞ்ஞானக் கழகம் வழக்காடி 1997ல் உடைத்தது. வெளிநாட்டுத் திருடனைப் பிடித்தோம் என்று கைதட்டினோம். நியாயமான கைதட்டல்தான்.

உள்நாட்டில் என்ன நடந்தது? 1987ல் அகஸ்திய மலையில் வழிகாட்டிகளாகப் போன காணிக்காரர்கள் களைப்புத் தெரியாமலிருக்க ஒரு காயை மென்றார்கள். உடன் போன விஞ்ஞானிகள் அதைக் கேட்டறிந்து 'ஜீவனி' என்ற மருந்து செய்தார்கள். கோயமுத்தூர்க் கம்பெனிக்கு 10 லட்ச ரூபாய்க்கு லைசென்ஸ் கொடுத்தார்கள். பாதி காணிக்காரர்களுக்கு என்று ஏற்பாடு. உலகமெங்கும் இதை உதாரணமாகக் காட்டினார்கள். பணம் அவர்கள் கையில் சேர 1999 ஆயிற்று. அந்தச் செடியைக் காணிக்காரர்களே பயிரிடலாமென்றால் காட்டிலாகா முறைத்தது. சொன்னவனுக்குக் காட்டில் செடி வைக்க உரிமையில்லை. கேட்டவனுக்கு லைசென்ஸ் கொடுக்க உரிமை இருக்கிறது!

2002 பல்லுயிர்ச் சட்டத்தில் மக்களுக்குப் பங்கு என்று ஒரு வாசகமாவது இருந்தது. 2023ல் அதைத் திருத்தி, ஏட்டில் ஏறிய மரபறிவைப் பயன்படுத்துவோருக்கும் ஆயுஷ் வைத்தியர்களுக்கும் அந்தப் பங்கிலிருந்து விலக்குத் தந்தார்கள். குற்றத்துக்குச் சிறை என்பதையும் எடுத்து அபராதமாக்கினார்கள். ஏட்டில் ஏறியது யார் வாயிலிருந்து ஏறியது? பனையோலையில் எழுதியவன் வைத்தியன். பச்சிலையைக் காட்டிக் கொடுத்தவன் மலைக்காரன்.

குதிரைவாலியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. குதிரைவாலிக் கஞ்சி குடித்தவனை நெல்லுச்சோற்றுக்காரன் கேலி செய்த காலம் ஒன்றிருந்தது. ஐ.நா. சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்றதும் பட்டணத்து மால்களில் அதே குதிரைவாலி பளபளக்கும் பாக்கெட்டில் ஏறியது. புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கிறவனின் களத்து விலையையும் அந்தப் பாக்கெட்டின் விலையையும் வாசகர்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

வேறு வழியே கிடையாதா என்று கேட்பவர்களுக்கு இருளர்களைக் காட்டுகிறோம். பாம்புத்தோல் வியாபாரம் தடையான பிறகு பட்டினியில் விழுந்த அந்த மக்கள் 1978ல் செங்கல்பட்டுப் பக்கம் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பாம்பைப் பிடிப்பது, விஷத்தை எடுப்பது, மறுபடி காட்டில் விடுவது. பாம்புக்கடி மருந்து செய்யும் கம்பெனிகளுக்கு அந்த விஷம் போகிறது. தடம் பார்த்துப் பாம்பின் வளையைச் சொல்லும் அறிவு அவர்கள் கையைவிட்டுப் போகவில்லை. அதற்குக் கூலியும் வந்தது. 2023ல் அவர்களில் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தச் சங்கமும் வருஷா வருஷம் காட்டிலாகா அனுமதிக்குக் காத்துக் கிடக்க வேண்டியிருப்பது வேறு கதை. ஆனாலும் அறிந்தவனே உடைமைக்காரனாக இருக்க முடியும் என்பதற்கு அது கண்கண்ட சாட்சி.

'அப்படியானால் பழையதெல்லாம் சரியா? விஞ்ஞானம் வேண்டாமா?' என்று நம்மை மடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. பழையதெல்லாம் சரியென்று நாம் ஒருநாளும் சொல்லவில்லை. கண்மாய் நிற்க நரபலி கேட்டது என்ற கதையும் பழையதுதான், தீண்டாமையும் பழையதுதான். மழைக்கஞ்சி காய்ச்சினால் மழை வருமென்று நாம் நம்பவில்லை. ஊரே ஒரு பானையில் காய்ச்சி ஒன்றாய்க் குடித்ததில் ஒரு நல்ல அம்சம் இருந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்வோம். கலங்கல் கசிந்தால் கரை போகும் என்பது நம்பிக்கையைச் சேர்ந்த விஷயமல்ல. ஆயிரம் இரவு பார்த்து, தவறி, திருத்தி அறிந்தது. அதுவும் விஞ்ஞானமே. மட்டம் பார்க்கும் கருவியும் சாட்டிலைட் படமும் கரைக்கு வரட்டும். நீர்க்கட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கட்டும். அவனை விரட்டிவிட்டு அவன் இடத்தில் நிற்பதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

2021 பிப்ரவரியில் காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர் கால்வாய், 14,400 கோடி ரூபாய் என்றார்கள். காவிரித் தண்ணீர் குண்டாற்றுக்கு வருமானால் இந்தச் சீமையில் யாருக்குக் கசக்கும்? வரட்டும், சீக்கிரம் வரட்டும். வந்த தண்ணீர் எங்கே போய் நிற்கும்? தூர்ந்த வரத்துக்காலிலா? ரோட்டுக்கு அடியில் மட்டம் தப்பிப் போட்ட குழாயிலா? 14,400 கோடி எஸ்டிமேட்டில் நீர்க்கட்டிக்குச் சம்பளம் என்று ஒரு வரி உண்டா என்பதை முதலில் காட்டச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு நீர்க்கட்டி, நிரந்தர வேலை, மாதச் சம்பளம், பென்ஷன், ஜாதிப் பரம்பரையாக அல்ல, கற்றுக்கொள்ள வரும் எந்த ஜாதி இளைஞனுக்கும் பெண்ணுக்கும் அந்தப் பழைய ஆட்களே வாத்தியாராக இருக்க வேண்டும், வாத்தியாருக்கும் சம்பளம். மராமத்து எஸ்டிமேட்டில் அவர்கள் கையெழுத்து இல்லாமல் பில் பாஸ் ஆகக்கூடாது. மேல் கண்மாய்க்கும் கீழ்க் கண்மாய்க்கும் ஒரே கமிட்டி. அதில் நிலமில்லாதவனுக்கும் மாடு மேய்ப்பவனுக்கும் ஓட்டு. ஊர்தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதவேண்டுமென்று சட்டம் இருக்கிறது. காரியாபட்டி யூனியனில் உள்ள ஒவ்வொரு ஊரிலும் அந்தப் பதிவேட்டைக் கிராமசபையில் வைத்து உரக்கப் படிக்கச் சொல்லுவோம். எத்தனை மரம், எத்தனை பறவை என்று எழுதியிருப்பார்கள். மடை திறந்தவன் பெயர், கரிமூட்டம் காத்தவன் பெயர், கிடை போட்டவன் பெயர் எந்தப் பக்கத்தில் என்று எழுந்து கேளுங்கள்.